எந்தக் கைக்கு

மூன்று தூண்டில் ராடுகளையும் கண்ணாடிப் பெட்டியின் மேல் பக்கம் பக்கமாகக் கிடத்திவிட்டு இருதயராஜ் கைகட்டித் தள்ளி நின்றான். எடுத்துப் பார்த்துக்கொள் என்கிற தோரணை. தேசப்பன் எடுக்கவில்லை. இந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று பல வருஷம் வைராக்கியமாக இருந்தவன் அவன். இந்த இருதயராஜின் அப்பன் காலத்தில் இங்கே வாங்கின தூண்டில் நரம்பு முதல் வீச்சிலேயே அறுந்தது. திரும்பக் கொண்டுவந்து காட்டினால், "வெயில்ல போட்டு வெச்சிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறியா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான் அந்தக் கிழவன். கிழவன் இப்போது சீரியல் பல்பு சுற்றின படமாகச் சுவரில் சிரிக்கிறான். செத்துப்போனால் எல்லாம் சரியாகிவிடுமா? கொடுவா மீனுக்கு ஏற்ற சரக்கு காசிமேட்டில் வேறே கடையில் கிடையாது, அதனால் வந்தான், அவ்வளவுதான். "யாருக்கு நைனா, ஒங்களுக்கா?" என்றான் இருதயராஜ். "வேற ஆளுக்கு." "எங்க போடறது?" "எண்ணூர் முகத்துவாரம். பாலத்தாண்ட." "ஜிக்கா, புழுவா?" இதைக் கேட்பான் என்று தேசப்பன் பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டு வந்தான். ஜிக் என்றால் ஈயத் தலை, தடித்த முள், அதைச் சுற்றி ரப்பர் குஞ்சம். கல் மாதிரி அடிக்குப் போகும். தூக்கித் தூக்கிப் போட வேண்டும். கொடுவாவின் வாய் எலும்பு வாய், அதில் அந்த முள் இறங்க ஓங்கி ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், இழுத்த மீனைப் பாலத்தின் தூண் பக்கம் போகவிடாமல் கொண்டுவர வேண்டும், தூண் முழுக்கச் சிப்பி, நரம்பு அதில் உரசினால் போச்சு. அதற்கு மூன்றிலும் முரடான ஹெவி ராடுதான். சுவரோரம் கிடக்கிறதே, அதுதான். அந்தக் கம்பின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க அவனுக்கு வராது. படிக்கவும் வேண்டாம். துறைமுகத்தில் கிரேன் கொக்கிக்குச் சங்கிலி மாட்டியே தலை நரைத்தவனுக்குப் பார்த்தாலே தெரியும், எது எவ்வளவு தாங்கும் என்று. புழு என்றால் அது வேறே. ரப்பர் புழு. ஆளுக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறோமே என்று உறைத்து, "ரெண்டும்" என்றான். "ரெண்டுக்கும்னா நடுவுல கீற மீடியம் ஹெவி. யோசிக்காத, கண்ண மூடினு வாங்கு." கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கா இரண்டு நாளாகத் தூங்காமல் கிடக்கிறான்?

புழு அவளுடையது. அவன் பெண்டாட்டி பூங்காவனம் ஜிக்கைத் தொட மாட்டாள். ஈயத்தைத் தண்ணியில் எறிந்து எறிந்து இழுக்கிறது ஒரு பொழப்பா என்பாள். அவள் முகத்துவாரத்துப் பக்கம் பிறந்தவள், சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்த குடும்பம், தண்ணிக்குள் என்ன நடக்கிறது என்று கண் இல்லாமலே தெரிந்துகொள்ளும். அவளுக்கு ஒரு பொங்கலுக்கு மாப்பிள்ளை ஜெயசீலன் ஒரு மெல்லிசு ராடு வாங்கிக் கொடுத்தான். மாமியாருக்கு ராடு, மாமனாருக்கு ஒரு வேட்டி. அதைக்கூட அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டான், ஆனால் வெளியே காட்டவில்லை. அந்த ராடு கையால் தட்டினாலே நெளியும். "தென்னங்குச்சியால மீன் புடிக்கப் போறியாடி?" என்று அவன் கேட்டான். அவள் எதையும் சொல்லாமல்தான் செய்வாள். மாசி மாசம், கடலின் ஏத்தத் தண்ணி உள்ளே வருகிற நேரம், பாலத்தில் வரிசையாக ஆட்கள். அவன் ஓங்கி ஓங்கி ஜிக்கைப் போட்டுக்கொண்டிருந்தான், விடிந்ததிலிருந்து ஒன்றும் கிடையாது. பக்கத்தில் அவள் புழுவைப் போட்டுவிட்டு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்து நின்றாள். திடீரென்று கம்பு வளைந்தது. வளைந்தது என்றால் நுனி தண்ணியைத் தொடுகிற அளவுக்கு. கொடுவா வெளியே துள்ளித் தலையை உதறினது, அவன் கண்ணால் பார்த்தான், சின்னப் பிள்ளை உயரம். "குடுடி இங்க, ஒடஞ்சிடும்!" என்று கத்தினான். "எட்ட நில்லு" என்றாள் அவள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, மீனைப் பார்த்துச் சொன்னாள், அது இன்னும் மோசம். அந்தத் தென்னங்குச்சியோடு நரம்பை விட்டு விட்டு வாங்கினாள், மீன் ஓடினால் ஓடவிட்டாள், அதோடு பேசினாள்கூட, வா வா, எங்க போவ, வா என்று. சூரியன் மேலே ஏறினது. கடைசியில் யாரோ இறங்கி வலையில் வாரித் தூக்கினார்கள். கூட்டம் கை தட்டினது. அப்போது சொன்னான் முனிரத்தினம், அவள் தம்பி, கூடப் பிறந்த கட்டையன்: "மாமா, உன் இரும்புக் கம்பிய துணி காயப்போடக் குடுத்துட்டு, நீ எங்கக்கா பக்கத்துல கொட புடிச்சினு நில்லு!" பாலமே சிரித்தது. சிரிக்கட்டும், சிரிக்கிறவன் பல்லை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அவளும் சிரித்தாள். அதுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மீன் ரத்தம் ஒட்டின கையால், அவனை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தாள். அந்த மீன் குழம்பில் அவன் கை வைக்கவில்லை. தெருவே வந்து தின்றது, அவன் மோரை ஊற்றித் தின்றான், அவள் அதற்கும் சிரித்தாளோ என்னமோ, அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தூக்கிப் பாரு நைனா. கம்பு கடிக்காது" என்றான் இருதயராஜ். எடுத்தான். ஹெவிதான் முதலில் கைக்கு வந்தது. ஆட்டினான். நுனி ஆடவில்லை. இது கம்பு. இதைப் பிடித்தால் ஆள் தானாக நிமிர்ந்து நிற்பான். ஆனால் இதை அவள் எப்படித் தூக்குவாள்? "அம்மாவுக்கு ஒரு தூண்டி வாங்கியாப்பா" என்று நிர்மலா போனில் சொன்னாள், மகள்தான், ஆனால் அவளும் தேவை இருந்தால்தான் பேசுவாள். "ஞாயித்துக்கெழம பாலத்துக்கு வரணுமாம். அதான் ஒரே பேச்சு." "ஒடம்புக்கு முடியாதவள எதுக்கு அங்க?" என்று அவன் கேட்டான். அதற்கு நிர்மலா, "டாக்டரே சொல்லிட்டாருப்பா. இனிமே ஆஸ்பத்திரிக்கு அலைய வாணாம், ஊசி மருந்தெல்லாம் போதும், இன்னா துன்ன ஆசப்படறாங்களோ குடுங்க, எங்க போணும்னாலும் கூட்டினு போங்கன்னு" என்றாள். நல்ல சேதி சொல்லுகிற குரலில்தான் சொன்னாள். அவனும், "அப்ப சரியாயிடுச்சின்னு சொல்லு" என்றான். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அவன் நல்லபடியாகத்தான் இருந்தான், டீ போட்டுக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அப்புறம்தான் அந்த வார்த்தை திரும்ப வந்தது. இன்னா ஆசப்படறாங்களோ குடுங்க. எந்த டாக்டரும் பிழைக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொல்வது இல்லை. பிழைக்கிறவளிடம் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, படியேறாதே என்பார்கள். எல்லாவற்றையும் தின்னு என்றால், எங்கே வேண்டுமானாலும் போ என்றால். வேண்டாம். ராடைப் பார். மீடியம் ஹெவி. எடுத்து ஆட்டினான். நுனி கொஞ்சம் ஆடினது. அடிப்பக்கம் கெட்டி. இதுவும் கனம்தான். ஒரு தண்ணீர் பாட்டில் கனம் இருக்குமா, நரம்பு சுற்றுகிற ரீலை மாட்டினால் இன்னும் கூட. எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போங்கள். காசி ராமேஸ்வரம் கேட்கவில்லை, தம்பி வீட்டுக்குப் போகக் கேட்கவில்லை, பாலத்துக்கு வரேன் என்றாள். பாலத்தில் யார் இருக்கிறார்கள்? முனிரத்தினமும் அவன் கூட்டமும்தான் இருப்பார்கள். ஞாயித்துக்கிழமை அவன்கள் மூஞ்சியில் முழிக்க வேண்டும். அவன்கள் சிரித்தால் சிரிக்கட்டும், இவள் கையில் ராடு இருக்க வேண்டும், ஒரே ஒரு மீன் வர வேண்டும். பெரிய மீன் வேண்டாம். பெரிய மீன் வந்தால் இவளால் தாங்காது. சின்னது வரட்டும். சின்னது வந்தால் போதுமா அவளுக்கு?

"இன்னா நைனா, மந்திரிச்சி வுட்டா மாரி நிக்கிற" என்றான் இருதயராஜ். "யாருக்குன்னு சொன்னா நானே எடுத்துக் குடுத்துருவேன்ல?" "லேடீஸுக்கு." "அட, சொல்லக் கூடாதா! அப்ப லேசா இருக்கற மீடியம். ஒடம்பு எப்படி, தெம்பான ஆளா?" "ஆபரேசன் ஆனவங்க." "எங்க?" தேசப்பன் தன் நெஞ்சுப் பக்கமாகக் கையைக் கொண்டுபோய்ப் பாதியில் இறக்கிவிட்டான். இருதயராஜின் முகம் மாறினது. குரலை இறக்கி, "எங்க பெரியம்மாவுக்கு இருந்துச்சி. அந்தப் பக்கத்துக் கை வீங்கிடும், தூக்க வராது. எந்தக் கை நைனா? ரீலு கைப்பிடி அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு பாக்கணும். ராடும் அதுக்கேத்த மாரி எடுக்கணும்" என்றான். எந்தக் கை? தேசப்பன் ராடைக் கீழே வைத்தான். நிர்மலா சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. அம்மாவுக்கு ஆபரேசன் ஆன சேதியையே மூன்றாம் நாள்தான் சொன்னாள், அதுவும் மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னாள், கட்டின புருஷனுக்கு மூன்றாம் நாள், மருமகன் வாயால் சேதி வந்தால் எந்த ஆம்பிளை போவான்? வாசலில் செருப்பு மாட்டினவன் திரும்பக் கழற்றிப்போட்டான். அவர்கள் கூப்பிடட்டும் என்று இருந்தான். அவர்கள் கூப்பிடவில்லை. பேரன் பிறந்த நேரம் பார்த்து மகள் வீட்டுக்குப் போனவள்தான் பூங்காவனம், ஒத்தாசைக்கு என்று போனாள், அப்படியே மீஞ்சூரிலேயே தங்கிவிட்டாள். அதற்கு முன்னால் மட்டும் வீட்டில் பேச்சு எங்கே இருந்தது? அந்தக் கொடுவாவுக்குப் பிறகு அவன் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசினது கிடையாது. "இந்த வீட்ல ஒரு மனுசனுக்கு டீ கெடைக்குமா?" என்று காத்தாடியைப் பார்த்துக் கேட்பான். "அடுப்பு மேல கீது, கை கால் இருக்கறவங்க எடுத்துக்கலாம்" என்று அவள் பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வாள். முதலில் கோபமாக இருந்தது, பிறகு பழக்கம், அப்புறம் யார் முதலில் பேசுவது என்கிற ஒன்றுதான் மிச்சம், அதைக் கல் மாதிரி இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் காப்பதில் கெட்டிக்காரன். அண்ணனோடு பேச்சு இல்லை, சம்பந்தியோடு இல்லை, முடி வெட்டுகிறவனைக்கூட மாற்றிவிட்டான். ஆனால் எந்தக் கை? வலது கையால்தான் வீசுவாள். வலது கையில் வளையல் தழும்பு. மீன் ரத்தம் ஒட்டின கையால் வாயைப் பொத்தினாளே, அது வலதா? அந்தக் கையை இத்தனை வருஷம் கோபத்தோடு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான், வாயைப் பொத்தின முந்தானை தெரிகிறது, முந்தானையின் கரை தெரிகிறது, கை தெரியவில்லை. நெஞ்சில் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் என்று கட்டினவனுக்குத் தெரியாது. ரோட்டில் போகிறவன் கேட்டால் சொல்லத் தெரியாது. ராடு கடையில் கேட்டால் சொல்லத் தெரியாது. "போன் பண்ணிக் கேட்டுக்கயேன்" என்றான் இருதயராஜ், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வாசலுக்கு வந்தான். ஐஸ் லாரி ஒன்று சொட்டிக்கொண்டு நின்றது. செல்போனில் நிர்மலாவின் படத்தை அழுத்தினான். "இன்னாப்பா, வாங்கிட்டியா?" "உங்கம்மாவுக்கு எந்தக் கை?" "இன்னா எந்தக் கை?" "ஆபரேசன் பண்ணது. எந்தப் பக்கம்?" திட்டுவாள் என்று நின்றான். திட்டினால் திருப்பித் திட்டலாம், மூன்றாம் நாள் சொன்ன கதையை எடுக்கலாம். அவள் திட்டவில்லை. "உனக்குத் தெரியாதாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு, "இரு. அம்மாகிட்டயே கேளு" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. பாய் சரசரத்தது. மூச்சு ஒன்று கேட்டது, படியேறி வந்தவள் விடுகிற மாதிரி மூச்சு, படுத்துக்கொண்டு விடுகிறாள். "இன்னா?" என்றாள் பூங்காவனம். இத்தனை காலத்துக்கு அப்புறம் அதுதான் முதல் வார்த்தை. அப்படியானால் முதலில் பேசினது அவளா, கூப்பிட்ட அவனா? அந்தக் கணக்கு மனசில் ஓடப் பார்த்துப் பாதியிலேயே நின்றுபோனது. "கடைல இருக்கேன்" என்றான். "தெரியிது. லாரி சத்தம் கேக்குது." "எந்தக் கைன்னு கேக்கறான்." "யாரு?" "கடக்காரன்." "ஓ. கடக்காரன் கேக்கறானா" என்று அவள் சிரித்தாள். அதே சிரிப்புதான் என்று அவன் காதை அழுத்திக்கொண்டு தேடினான். நடுவிலேயே இருமலாகிவிட்டது. இருமி முடிகிற வரைக்கும் நின்றான், லாரிக்காரன் ஏதோ கத்தினான், அவனைக் கையைக் காட்டி அடக்கினான். "சோத்துக் கை" என்றாள். "வீங்கிக் கெடக்குது. டம்ளரக்கூட நிர்மலாதான் புடிக்கணும்." "அப்ப இருக்கறதுலயே லேசா ஒண்ணு..." "எனக்கு எதுக்குய்யா ராடு? உனக்குதான் வாங்கச் சொன்னேன், நிர்மலா மாத்திச் சொல்லிடுச்சி. நீ உன் கம்ப எப்பவோ ஒடிச்சிக்கினு பாலத்துல சும்மா வந்து நின்னுட்டுப் போறன்னு முனிரத்தினம் சொல்லிச்சி." "அவன் யாரு அதச் சொல்..." "ஆரம்பிக்காத." ஆரம்பிக்கவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ புடி. நான் பக்கத்துல உக்காந்து நரம்பு மேல வெரலு வெச்சிக்கிறேன். பீச்சாங்கை வெரலு நல்லாத்தான் கீது. ஜிக்க தூக்கினு வராத, புழு போடு. மீனு தொட்டா நான் சொல்றேன். சொன்னப்பறம் இழு. நீ எப்பவும் முன்னாடியே இழுத்துடுவ." "ம்" என்றான். "இரும்புக் கம்பி எடுத்தாந்தினா என் வெரலுக்கு ஒண்ணுமே வராது. சொல்லிட்டேன்." "ம்." வேறே ஏதாவது கேட்க வேண்டும். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். சாப்பிட்டியா என்றாவது. "ஏத்தத் தண்ணி காலையிலதான்" என்றான். "தெரியும்" என்றாள் அவள். அப்புறம் நிர்மலா வந்து, "தூங்கறாங்கப்பா, வெக்கிறேன்" என்றாள்.

கடைக்குள் வந்து ஹெவியைத் தூக்கி இருதயராஜ் கையிலேயே கொடுத்தான். "இத உள்ள வை." மற்ற இரண்டில் முதலில் மீடியம் ஹெவிக்கு ரீல் மாட்டச் சொன்னான், வளையங்களில் நரம்பைக் கோக்கச் சொன்னான், நுனியில் ஒரு ரப்பர் புழுவைக் கட்டச் சொன்னான். "அந்தப் புழுவ எடுத்துக்கினு லாரியாண்ட போய் நில்லு." "நானா?" "நீதான் மீனு." "கட வெச்ச நாளா என்னய எவனும் கொடுவா ஆக்கல நைனா" என்று சொல்லிக்கொண்டே போனான், ஆனால் போனான். நரம்பு கடையிலிருந்து தெருவுக்கு நீண்டது. தேசப்பன் கம்பை வலது கையில் பிடித்து, இடது கையின் ஆள்காட்டி விரலை நரம்பின் மேல் வைத்தான். "தட்டு." இருதயராஜ் புழுப் பக்கம் நரம்பை விரலால் தட்டினான். ஒன்றும் தெரியவில்லை. சங்கிலி பிடித்த விரல், தோல் காய்ந்து காய்ந்து கொம்பாகிவிட்ட விரல். இத்தனை வருஷம் கம்பின் நுனியைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இழுத்திருக்கிறான், அதனால்தான் தேவையில்லாமல் எல்லாம் இழுத்திருக்கிறான். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது காதால் கேட்பதற்கு இல்லை, விரலால் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவிரலை வைத்தான், மோதிர விரலை வைத்தான், கடைசியில் சுண்டுவிரலின் உள்பக்கத்தை வைத்துப் பார்த்தான், அங்கேதான் தோல் இன்னும் தோலாக இருந்தது. மீடியம் ஹெவியில் பலமாகத் தட்டினால் தெரிந்தது. "மெதுவா தட்டு" என்றால் தெரியவில்லை. மீடியத்துக்கு மாற்றச் சொன்னான். பெரிய மீன் வந்தால் தூண் பக்கம் ஓடும், இந்தக் கம்பு நிறுத்தாது, சிப்பியில் அறுத்துக்கொண்டு போகும். போகட்டும். அவளுக்கு அது தொட்டது தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டான். ஐஸ் சொட்டுகிற சத்தம், யாரோ வண்டியைத் தள்ளுகிற சத்தம், அதற்கெல்லாம் அடியில் விரலில் மட்டும் நின்றான். பொட்டு மணல் வந்து விழுந்த மாதிரி ஏதோ ஒன்று. "இப்ப" என்றான். "தெரிஞ்சிதா?" என்று தெருவிலிருந்து கத்தினான் இருதயராஜ். "இன்னும் மெதுவா தட்டு." "இதுக்கு மேல மெதுவான்னா தட்டாம இருக்கறதுதான் நைனா!" "பரவால்ல. தட்டு." ஞாயித்துக்கிழமை காலையில் அவள் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிய வேண்டும், சொல்ல அவளுக்கு மூச்சு வராமல் போகலாம், விரல் நரம்பிலேயே இருக்கும்போது கண் சொருகிப்போகலாம். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும் வந்தது, வந்ததா என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு, இருந்தது, போய்விட்டது, திரும்பவும் இருந்தது. தேசப்பனின் தோள் தானாக எழுந்தது. அதை அடக்கிக்கொண்டு, இழுக்காமல், நின்றான்.